நீட்டின கை

— இல்லை அண்ணை, இப்பிடி எழுதேலாது. ‘நடத்தை சரியில்லை’ எண்டு போட்டா, என்ன நடத்தை எண்டு கேப்பாங்கள்.

— கேட்டா கேக்கட்டும். நீ எழுது. இங்கிலீஸ் படிப்பிக்கிற உனக்கு ஒரு நல்ல சொல் வராதே?

— நான் படிப்பிக்கிறது சரித்திரம். இத்தினை வருசமா ஹரோவிலை அதைத்தான் படிப்பிக்கிறன். உங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.

— எல்லாம் ஒண்டுதான். எழுது பிள்ளை. பின்னேரம் கொமிற்றி கூட முதல் இதை விசா ஓஃபிசுக்கு அனுப்பிப்போட வேணும்.

— தங்கச்சி சுவர்ணாவைப் பாக்க ஆசையாக் கிடக்கு எண்டு போனிலை சொன்னியள். அதை நம்பி, லண்டன்ர மற்றத் தொங்கலிலை இருந்து றெயின் மாறி மாறி இந்தத் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்தன். வந்து இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை, லப்டொப்பைத் திற, ஐயரை அனுப்புறதுக்கு எழுது எண்டுறியள்.

— ஆசையும் இருந்ததுதான். அலுவலும் இருந்தது.

— அலுவல் எண்டு லேசாச் சொல்லுறியள். நவநீத் ஐயருக்கு விசா ஸ்பொன்சர் இந்தக் கோயில்தானே? கோயில் கையை விட்டா, அந்தாள் பெண்சாதி பிள்ளையோடை கும்பகோணத்துக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான். அந்தச் சின்னன் இந்த மாதம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினது.

— அதெல்லாம் எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுகொண்டுதான் செய்யிறியளோ?

— சுவர்ணா, பரமேஸ்வரன் எண்டா இந்தக் கோயிலின்ர தலைவர். விளங்குதோ? பாழடைஞ்சு கிடந்த பழைய சேர்ச்சைக் காசு குடுத்து வேண்டி, கூரை போட்டு, சாமியை வைச்சது நான். ஐயர் குடும்பம் மேலை இருக்கிற வீடும் நான் கட்டினது. ஆரை வைச்சிருக்கிறது, ஆரை அனுப்புறது எண்டு நான் ஒருத்தரிட்டையும் படிக்கத் தேவையில்லை.

— சரி, கோவியாதேங்கோ. காரணம் எண்டு ஒரு பெட்டி கிடக்கு. அதுக்குள்ளை என்ன எழுத?

— நேரத்துக்கு நடை திறக்கிறேல்லை எண்டு எழுது.

— செல்வமலர் மச்சாள் வேறை மாதிரியெல்லோ சொன்னவ? இவர் வந்த பிறகுதான் விடியக்காலமை போனாலும் கதவு திறந்து கிடக்காம்.

— அவளுக்கு என்ன தெரியும்! அப்ப, மந்திரம் பிழை எண்டு எழுது.

— உங்களுக்கு மந்திரம் தெரியுமே அண்ணை?

— ஏன், நான் குருவிட்டைத் தீட்சை கேட்டவன்தானே?

— ஓ, அதையும் மச்சாள் சொன்னவ. புது ஐயர் வருமட்டும் நானே பூசை பாப்பன் எண்டு நிக்கிறியளாம். ‘கோயிலுக்குத் தலைவரும் இவர், மேல் வீட்டுக்காரரும் இவர், இனி ஐயரும் இவரே. வீட்டிலையும் இனி நான் தட்டிலை காசு போட்டுத்தான் சோறு குடுக்கோணும் போல’ எண்டு சிரிக்கிறா. சிரிச்சாலும் அவவுக்கு உள்ளுக்கை கவலை.

— உன்ர மச்சாளுக்கு வாய் கூடிப்போச்சு. பொறு, பொறு. மூடாதை. திரையிலை வந்த உந்தப் படம் என்ன?

— இதோ? பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போனனாங்கள் எல்லே? உங்கட கோயில் தேர் அண்டுதான். அங்கை ஒரு பெரிய சேர்ச்சிலை நான் எடுத்த படம். கல்லறைச் சிலை.

— ஆர் ஆள்? இந்த ஓஃபிஸ் யன்னல் கண்ணாடியிலை நிக்கிற பிஷப் மாதிரித்தான் தொப்பி போட்டிருக்கிறார். ஆனா கையிலை வாள் கிடக்கு. ஐயரோ, ராசாவோ?

— ரெண்டும்தான்.

— ரெண்டுமோ?

— ஓம். ஒரு கையிலை ஆயர் கோல், மற்றக் கையிலை வாள். அந்தக் காலத்திலை ஜேர்மனிப் பக்கம் இப்பிடிக் கனபேர். பூசைக்கும் அவர்தான், நாட்டுக்கும் அவர்தான். வரி எடுக்கிறது, வழக்குத் தீர்க்கிறது, படை அனுப்புறது எல்லாம் பிஷப். இங்கிலாந்திலையும் வடக்கை டர்ஹம் பக்கம் இருந்தவை. அங்கத்தை பிஷப்புக்கு வழக்குக் கேக்கச் சொந்தமாக் கோடு, சொந்தமா நாணயம்.

— அச்சா! அது நல்ல முறை. கொமிற்றி இல்லை, வோட்டு இல்லை, ஆளாளுக்குக் கை உயர்த்துற கரைச்சல் இல்லை. ஒரு ஆள், ஒரு சொல்.

— நீங்கள் அப்பிடிச் சொல்லுவியள் எண்டு தெரியும்.

— ஏன், அவை நல்லாப் படிச்ச சாமிமார்தானே?

— அதுதான் பகிடி. கனபேர் பெரிய இடத்து இளைய பெடியள். அண்ணனுக்கு அரண்மனை, தம்பிக்கு பிஷப் வேலை. சிலபேர் குருப்பட்டமே எடுக்கேல்லை. பூசை செய்யப் படிச்ச ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைச்சுப்போட்டு, இவை வேட்டைக்குப் போயிடுவினம். நீங்கள் பரவாயில்லை, தீட்சையாவது கேட்டிருக்கிறியள்.

— நக்கல் அடியாதை.

— சரி, அடிக்கேல்லை. அது கிடக்கட்டும், தேர் எப்பிடி நடந்தது? வழமை போலை மைக்கைப் பிடிச்சு அந்த பேஸ்மென்ற் கதையைச் சொல்லியிருப்பியள்.

— சொன்னனான்தான். ஏன், சொல்லக்கூடாதே? அது என்ர வாழ்க்கை.

— ஆர் இல்லை எண்டது? எல்லாருக்கும் பாடம் அண்ணை. ‘அகதிகளை அடைச்சு வைக்கிற டிற்றென்சனாலை என்னை வெளியிலை விட்ட அண்டு, இரவல் கம்பளி ஜம்பரோடை, கடைக்குக் கீழை பேஸ்மென்றிலை இருந்த சின்னக் கோயிலுக்குப் போனன். பூசை முடிஞ்சு காளாஞ்சித் தட்டு வருகுது. வெத்திலை, வாழைப்பழம், பூ. முதல் தட்டு தலைவருக்கு எண்டுதானே முறை? அந்தத் தலைவர் என்னைப் பாத்தார். கையைக் காட்டினார். முதல் தட்டு என்னட்டை வந்தது. அண்டைக்குத்தான் நான் திரும்பவும் மனிசன் ஆனன்.’ சரியோ?

— ஒரு சொல் பிழையில்லை.

— பின்னை? நீங்கள் சொல்லேக்கை முன்வரிசைப் பெண்டுகள் வாயசைச்சுக்கொண்டு இருப்பினமாம்.

— அசைக்கட்டும். தேரைப் பற்றி என்னோடை கதையாதை. தேர் முடிஞ்சுது, அவ்வளவுதான். உந்த பிஷப்மாரைச் சொல்லு. சனம் ஒண்டும் கேக்காமலே இருந்தது?

— கேட்ட இடமும் இருக்கு. இப்ப ஓஸ்ரியாவிலை இருக்கிற சால்ஸ்பூர்க். ஏறக்குறைய முந்நூறு வருசத்துக்கு முந்தி. அங்கையும் பெரிய பிஷப்தான் ராசா. மலைப்பக்கத்துச் சனம் கொஞ்சம், அதே யேசுவைத்தான் கும்பிட்டதுகள், ஆனா அவர் சொன்ன முறையிலை இல்லை. ‘அப்ப என்ர நாட்டை விட்டுப் போங்கோ’ எண்டிட்டார்.

— கொஞ்சச் சனமோ?

— இருவதாயிரத்துக்கு மேலை.

— எங்கை போறது?

— எங்கையெண்டாலும். குளிர் தொடங்கின நேரம். காணி பூமி உள்ளவைக்கு ஒரு சின்னத் தவணை. கூலி வேலை செய்ததுகளுக்கு அதுவும் இல்லை. வேலை செய்துகொண்டு நிண்ட இடத்திலையே படைக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வீட்டை போய் ஒரு மாற்றுடுப்பு எடுக்கவும் விடேல்லை.

— உடுத்த உடுப்போடை.

— ஓம்.

— நாங்கள் வெளிக்கிட்ட மாதிரி.

— ஓம் அண்ணை. அப்பிடித்தான்.

— நாசமறுவான்! கையிலை சாமியின்ர கோலைப் பிடிச்சுக்கொண்டு சனத்தைக் கலைச்சவனே? படைக்காரன் கலைச்சாலும் போய்த் துலையட்டும், அவன்ர தொழில் அது எண்டு விடலாம். கும்பிடப் போற இடத்திலை நிக்கிறவன் கலைச்சா, அந்தச் சனம் ஆரிட்டைப் போய் முறையிடும்? சாமியும் அவன்ர பக்கம், சட்டமும் அவன்ர பக்கம்.

— வாள் பிடிக்கிற கையும் கோல் பிடிக்கிற கையும் ஒராளின்ரதாப் போச்செல்லே.

— அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ? சட்டம் கிட்டம் ஒண்டும் இல்லையோ?

— சட்டம் இருந்தது. சமயத்துக்காக ஒருத்தரை நாட்டை விட்டு அனுப்புறதெண்டா மூண்டு வருசம் தவணை குடுக்கோணும் எண்டு எழுதிக் கிடந்தது. அதாலை அவர் சமயம் எண்டு எழுதேல்லை. கலகக்காரர் எண்டு எழுதிப்போட்டார்.

— பொய்க் காரணம்!

— ஓம்.

— உள்ளதைச் சொல்லத் துணிவில்லாதவன். வாளும் வைச்சிருந்தவனாம் வாள்! இவ்வளவு படையை வைச்சுக்கொண்டு, ஏழைச் சனத்தின்ர முகத்தைப் பாத்து உண்மையைச் சொல்ல வழியில்லை. என்ன மனிசன் அவன்? சீ! அவன்ர சிலையையோ நீ படம் எடுத்துக்கொண்டு வந்தனி?

— இது அவற்ற சிலை இல்லை. இவர் வேறை ஊர், வேறை ஆள்.

— ஆராயிருந்தா என்ன. ஒரே இனமெல்லே. உந்தப் படத்தை மூடு.

— சரி, மூடுறன்.

— என்னத்தை அப்பிடிப் பாக்கிறாய்?

— படத்தை மூடிப்போட்டன் அண்ணை. அதுக்குப் பின்னாலை உங்கட அலுவல் திறந்தபடி கிடக்கு. காரணம் எண்ட பெட்டி இன்னும் வெறுமை.

— நீ... சுத்தி வளைச்சு என்னைக் கொண்டுவந்து இதுக்குள்ளை விழுத்தினியோ?

— என்னாணை இல்லை. படம் என்ன எண்டு கேட்டது நீங்கள். அச்சா எண்டதும் நீங்கள். நாசமறுவான் எண்டதும் நீங்கள்தான்.

— அது வேறை, இது வேறை. அங்கை இருவதாயிரம் சனம். இஞ்சை ஒரு ஐயர்.

— ஐயரும் பெண்சாதியும் பிள்ளையும். சரி, வேறையாகவே இருக்கட்டும். அப்ப உண்மையான காரணத்தைச் சொல்லுங்கோ, நானும் மனச்சாட்சியோடை எழுதிப்போட்டு றெயின் ஏறுறன்.

— சொல்ல வெக்கமாக் கிடக்கு, பிள்ளை.

— என்னட்டையுமோ? நீங்கள் முதல் வேலைக்குப் போய்க் கக்கூசு கழுவினதைச் சொல்லிச் சிரிச்ச ஆளெல்லே?

— அதிலை என்ன வெக்கம்? அது உழைப்பு. இது வேறை. தேர் அண்டு அவர் என்னை எல்லாருக்கும் முன்னாலை வெக்கப்படுத்திப்போட்டார். அவ்வளவுதான். அண்டு தொடங்கி எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினா அந்த இடம்தான் வருகுது. என்ர பெற்றோல் ஷெட்டிலை நிக்கேலாமல் கிடக்கு. பெற்றோல் அடிக்க வாறவனெல்லாம் ‘தலைவர், அண்டைக்கு நல்ல வேலை செய்தியள்’ எண்டு நக்கல் அடிச்சுப்போட்டுப் போறான். ஒருத்தி கையெடுத்துக் கும்பிடுறாள், பகிடிக்கு!

— கும்பிட்டவவோ?

— ஓம். வீடியோவும் எடுத்துப் போட்டிருக்கிறாங்கள். நான் அந்த வற்ஸ்அப் குறூப்பையே திறக்கேல்லை.

— தேர் வீடியோவோ? அது எங்கட ஹரோப் பக்கமும் வந்ததே. நானும் பாத்தனான்.

— நீயும் பாத்தனியோ! ஐயோ, முருகா. போதும், கதையாதை.

— ஏன் அண்ணை, அதிலை என்ன வெக்கம்? எனக்கு அதைப் பாத்து—

— கதையாதை எண்டனான்! ஆரோ கதவைத் தட்டுறாங்கள். ஆரது?

— நான்தான் ஐயா, நவநீத். உள்ள வரலாமா?

— வாங்கோ ஐயா. இது என்ர தங்கச்சி, சுவர்ணா. ரீச்சர்.

— நமஸ்காரம் டீச்சர். பேசிண்டு இருக்கேள், தொந்தரவு பண்ணிட்டேனோ? சாவியக் குடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.

— ஆர் உங்களிட்டை இப்ப திறப்புக் கேட்டது?

— யாரும் கேக்கல ஐயா. சாயங்காலம் கமிட்டின்னு செக்ரட்டரி சொன்னார். நாலு பேர் சுத்தி ஒக்காந்துண்டு பாக்கறச்சே குடுக்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்தது. என் ஆத்துக்காரி ஷோபாவும் சொன்னா, நம்மளா முன்னாடியே குடுத்துடலாம், மரியாதையா இருக்கும்னு. இது கர்ப்பக்கிரகம். இது மடப்பள்ளி. இது மேல வீடு. வீட்டைத் தொடச்சு வெச்சிருக்கோம். கொழந்தை செவுத்துல கிறுக்கின எடம் மட்டும் போகல, மன்னிச்சுக்கணும்.

— இருங்கோ ஐயா. நிக்காமல் இருங்கோ.

— இல்ல டீச்சர், இருக்கட்டும். ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது.

— கேளுங்கோ.

— நான் பண்ணின தப்பு என்ன? கமிட்டி முடிவுன்னு சொல்றாளே தவிர, யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீங்களும் ரெண்டு மாசமா என் மொகத்தப் பாக்கறதில்ல. ஊருக்குத் திரும்பினா என் அப்பா கேப்பார். கோவில்லேர்ந்து அனுப்பிட்டான்னா, என்ன நெனைப்பா? உண்டியல்ல கை வெச்சிருப்பான்னுதானே நெனைப்பா? அந்தப் பேரோட நான் எங்க போய் பூஜை பண்ணுவேன்?

— சொல்லுங்கோ அண்ணை. அவற்ற முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— தேர் அண்டு. காளாஞ்சி.

— காளாஞ்சியா? தட்டுல ஏதாவது கொறஞ்சு போச்சா?

— ஒண்டும் குறையேல்லை. முதல் தட்டு. தலைவர் எண்டு நான் ஒருத்தன் அங்கை நிக்கிறன். நீங்கள் என்னைத் தாண்டிக் கொண்டுபோய், எனக்குப் பக்கத்திலை நிண்ட அந்த இரவல் ஜம்பர் போட்ட மனிசனுக்குக் குடுத்தனீங்கள். டிற்றென்சனாலை வந்து ஒரு கிழமையும் ஆகாத ஆளுக்கு. ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?

— ஐயா, என்ன கேக்கறேள்? அவருக்குக் குடுன்னு கை காட்டினதே நீங்கதானே!

— நானோ?

— ஆமா! நான் இங்க பண்ற மொதல் தேர் அது. எங்க ஊர்ல மொதல் மரியாதை வாங்க ஒரு வரிசை உண்டு. இங்க எப்படின்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு வழக்கம் இருக்குமோன்னோ? உங்ககிட்ட கேக்கணும்னே இருந்தேன், கூட்டத்துல முடியல. அப்பதான் நீங்க மைக்ல அந்தக் கதையச் சொன்னேள். தலைவர் கை காட்டினார், புதுசா வந்த எனக்கு மொதல் தட்டு வந்ததுன்னு. சொல்லி முடிச்சுட்டு நேரா சன்னிதிக்கு வந்து நின்னேள். உங்க பக்கத்துல அந்த மனுஷர் இரவல் ஜம்பரோட நிக்கறார். நான் தட்டோட வரேன், நீங்க கைய நீட்டறேள். சரி, இதுதான் இந்தக் கோவில் வழக்கம்னு புரிஞ்சுண்டேன். எனக்குக் கண்ணே கலங்கிடுத்து ஐயா. ராத்திரி ஷோபாகிட்ட சொன்னேன், எப்பேர்ப்பட்ட மனுஷர்கிட்ட வந்து சேர்ந்திருக்கோம் பாருன்னு. தட்டு வாங்கின அந்த மனுஷர் இப்பவும் வெள்ளிக்கிழமை தவறாம வரார். ‘கை காட்டின ஐயா எங்க, கும்பிடணும்’னு கேக்கறார். நீங்கதான் இப்பல்லாம் பூஜை முடியறதுக்கு முன்னாடியே போயிடறேள்.

— அண்ணை, அதைத்தான் நான் சொல்ல வந்தனான், நீங்கள் வாயைத் திறக்க விடேல்லை. அந்த வீடியோவுக்குக் கீழை ஒருத்தரும் நக்கல் அடிக்கேல்லை. ‘தலைவர் எண்டா இப்பிடி இருக்கோணும்’ எண்டு எழுதியிருக்கினம். பெற்றோல் அடிக்க வந்ததுகள் மெய்யாத்தான் சொல்லியிருக்குதுகள். கும்பிட்டவவும் மெய்யாத்தான் கும்பிட்டிருக்கிறா.

— மெய்யாத்தானோ?

— ஓம். நான் என்ர வகுப்பிலையும் போட்டுக் காட்டினனான். வாள் பிடிச்ச பிஷப்மாரைப் படிப்பிச்சு முடிச்சு, ‘தனக்கு வாறதை விட்டுக்குடுக்கிற தலைவரும் உலகத்திலை இருக்கினம், இவர் என்ர அண்ணை’ எண்டு சொன்னனான். பிள்ளையள் கை தட்டினதுகள்.

— கை தட்டினவையோ, சுவர்ணா?

— தட்டினதுகள் அண்ணை.

— அப்ப யாரோ உங்ககிட்ட தப்பா சொல்லிருக்கா ஐயா. இல்ல, எனக்குத்தான் புரியலையா? நீங்க அவருக்குத்தானே கை காட்டினேள்?

— ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ அண்ணை. ஒரு சொல்லோடை எல்லாம் சரி. ஐயரும் நிப்பார், உங்கட பேரும் நிக்கும். சத்தியமா நான் பிறகு ஒண்டும் கேக்க மாட்டன்.

— லப்டொப்பை மூடு பிள்ளை. ஐயா, திறப்புகளை எடுங்கோ, நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை. பின்னேரம் கொமிற்றிக்கும் இதைத்தான் சொல்லப்போறன், முதல் உங்களுக்குச் சொல்லுறன். நான் அவரைக் காட்டேல்லை ஐயா. எனக்குத் தா எண்டுதான் கையை நீட்டினனான்.